இலவசமா, மாதச் சீட்டா, கிலோமீற்றர் கணக்கா? கல்முனை வீதிக்கு எந்த நாட்டு பஸ் முறை பொருந்தும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை போகும் கடற்கரை வீதியைப் போல, பஸ்ஸுக்கென்றே அமைந்த வீதி இலங்கையில் அதிகம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரே கோடாக ஊர்கள். கல்லடி தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு. பிறகு கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை. வீடும் கடையும் கோயிலும் பள்ளிவாசலும் விடாமல் தொடர்கின்றன. பெரும்பாலானோர் வீதிக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன், சேராவிட்டால் லீசிங்கிலாவது, மோட்டார் சைக்கிள் எடுத்துவிடுகிறோம். ஏன் என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். "பஸ் காசு கூட" என்று சொல்கிறவர் குறைவு. "நம்பிப் போக ஏலாது" என்பதுதான் பதிலாக வரும். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் தரிப்பிடத்தில் ஆட்கள் சேரும்வரை நிற்கும். பின்னால் இன்னொரு பஸ் தெரிந்துவிட்டால் பறக்கும். பொழுதுபட்டால் அதுவும் இல்லை.

வெளிநாடுகளில் பஸ் எப்படி ஓடுகிறது என்பது நமக்குப் புதிய கதை அல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் டோஹாவிலும் நம் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் ஆளுக்கொரு நாட்டைப் புகழ்வார்கள். ஒருவர் இலவசமாக விடச் சொல்வார், ஒருவர் மாதச் சீட்டு கொடுக்கச் சொல்வார், இன்னொருவர் ரயில் பாதையைக் கல்முனைக்கு நீட்டச் சொல்வார். இவற்றில் எதைக் கொண்டுவந்தால் நம் வீதியில் ஏதாவது மாறும், எதைக் கொண்டுவந்தால் காசு மட்டும் கரையும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணி கொடுக்கும் காசைத் தொடுவதற்கு முன்னால், பஸ்காரருக்குக் காசு போய்ச் சேரும் வழியை மாற்ற வேண்டும்; ஏற்றிய ஆட்களுக்கு அல்ல, ஓடிய கிலோமீற்றருக்குக் காசு.

எங்கே மலிவு?

2025இல் லண்டனில் பஸ் ஒரு தடவைக்கு 1.75 பவுண். நம் பணத்தில் பெருக்கிப் பார்த்தால் எழுநூறு ரூபாயைத் தொடும். நமக்கோ 2024 ஒக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் 27 ரூபாயாகக் குறைந்தது. (2022இல் அது 40 ரூபாய் வரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள்.) இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டுத்தான் "உங்களுக்கு இங்க பஸ் சும்மா மாதிரி" என்று லண்டன் மாமா சொல்வார்.

அது சரியான கணக்கு இல்லை. லண்டனில் பஸ் ஏறுகிறவர் பவுணில் உழைக்கிறார். ஒவ்வொரு நாட்டிலும் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஒருவர், ஒரு தடவை பஸ் ஏற எத்தனை நிமிடம் வேலை செய்ய வேண்டும் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். 2025 நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவில் அந்த ஆண்டு ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண் ஆனது. அதன்படி 1.75 பவுணுக்கு ஏறத்தாழ 9 நிமிட உழைப்பு. ரொறன்ரோவில் அட்டையால் தட்டி ஏறினால் 3.30 கனேடிய டொலர். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் அந்த ஆண்டின் பெரும்பகுதியில் 17.20 டொலர். 11, 12 நிமிடம். இலங்கையில் 2025 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 130 ரூபாய். 27 ரூபாய்க்கு 12 நிமிடத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. லண்டனின் 1.75 பவுணுக்கு அந்தப் பஸ் போகும் கடைசி இடம் வரை போகலாம். ஏறிய நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இன்னொரு பஸ் மாறினாலும் மேலதிகக் காசு இல்லை. ரொறன்ரோவில் அந்தச் சலுகை இரண்டு மணித்தியாலம். நம் 27 ரூபாய் முதல் படிக்கு மட்டும்தான்; அதற்கப்பால் படிக்குப் படி ஏறும், பஸ் மாறினால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். குருக்கள்மடத்திலிருந்து கல்முனை வந்து, அங்கே பஸ் மாறி நாவிதன்வெளிக்குப் போகிறவர் இரண்டு தனிப் பயணத்துக்குக் காசு கொடுக்கிறார். ஆகவே பஸ் நமக்குச் சும்மா இல்லை. குறைந்த சம்பளக்காரருக்கு லண்டனைவிடப் பாரமானது.

டோஹா இந்தக் கணக்கில் வித்தியாசமாக நிற்கிறது. 2019இல் திறந்த மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் 2 ரியால், நாள் முழுக்கச் சுற்ற 6 ரியால். குளிரூட்டிய, சாரதி இல்லாத ரயில். பார்த்தவர்கள் வாயைப் பிளக்காமல் திரும்புவதில்லை. ஆனால் கட்டாரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். சாப்பாடும் தங்குமிடமும் கம்பனி தராவிட்டால் 300, 500 என்று மேலே கொடுக்க வேண்டும், அது வேறு. அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அந்த 2 ரியால் ஏறத்தாழ 25 நிமிட உழைப்பு. நம் பொடியன்கள் பலர் அங்கே கம்பனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள்; மெட்ரோ அவர்களுக்கு வெள்ளிக்கிழமைப் பொழுதுபோக்கு.

சுவிஸ் மலிவே இல்லை. நாடு முழுவதும் ரயில், பஸ், படகு எல்லாவற்றிலும் ஏறக்கூடிய வருடாந்த அட்டை இரண்டாம் வகுப்புக்கு 3,995 பிராங். அரைக் கட்டண அட்டை வாங்கவே 190 பிராங் வேண்டும். அங்கிருந்து வருகிறவர்கள் கட்டணத்தைப் பற்றிப் புலம்புவார்கள். ஆனால் "பஸ் வரவில்லை" என்று புலம்ப நான் கேட்டதில்லை.

இலவசம் என்கிற ஆசை

லக்சம்பேர்க் 2020 பெப்ரவரி 29 தொடக்கம் நாடு முழுவதும் பஸ், ட்ராம், ரயில் எல்லாவற்றையும் இலவசமாக்கியது. ரயிலில் முதலாம் வகுப்புக்கு மட்டும் காசு. அந்த நாட்டின் பரப்பளவு 2,586 சதுர கிலோமீற்றர், மட்டக்களப்பு மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியது. சனத்தொகை அம்பாறை மாவட்டத்தோடு ஒப்பிடக்கூடியது. அவ்வளவு சின்ன நாட்டால் முடியுமென்றால் நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. இலவசமாக்கும் முன்பே லக்சம்பேர்க்கில் டிக்கட் வருமானம் போக்குவரத்துச் செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மீதி முழுவதையும் அரசு ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசித் துண்டையும் அது ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். நம் வீதியில் தனியார் பஸ்ஸின் டீசல், ரயர், லீசிங், சாரதியின் கூலி எல்லாம் பயணியின் கையிலிருந்து வருகிற காசில்தான் நிற்கிறது. அதை எடுத்தால் நிரப்பவேண்டியது கடைசித் துண்டு அல்ல, முழு உண்டியலும்.

எஸ்தோனியாவின் தலைநகர் தாலின் 2013இல் தன் குடியிருப்பாளர்களுக்கு இலவசமாக்கியது. புதிதாக பஸ் ஏறியவர்களில் பலர் அதுவரை நடந்து போனவர்கள். கார்காரர்கள் பெரிதாக இறங்கி வரவில்லை. காரை விடாததற்குக் கட்டணம் காரணமில்லை என்பது அங்கே தெரிந்துவிட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ்நாடு. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் 800 இந்திய ரூபாய்க்கு மேல் மிச்சமானதாகக் கண்டார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்ணுக்கு அது பெரிய காசு. வீட்டில் யாரிடமும் கேட்காமல் வெளியே போகலாம் என்பது காசில் அளக்க முடியாதது. ஆனால் அங்கே இலவசமாக ஓடுகிற பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ். சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம். ஏறுகிறவர் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும்.

இங்கே அப்படி இல்லை என்பதைப் பார்க்க, காலையில் பாடசாலை நேரத்தில் எந்தத் தரிப்பிடத்திலும் நின்றால் போதும். சீசன் டிக்கட் வைத்திருக்கிற பிள்ளைகளையும் அரைக் கட்டணப் பிள்ளைகளையும் கண்டால் வேகத்தைக் கூட்டுகிற பஸ்ஸைப் பார்க்கலாம். முழுக் காசு தராத பயணி, வசூலில் வாழ்கிற பஸ்ஸுக்கு வெறும் பாரம். எல்லோரையும் இலவசப் பயணியாக்கினால் எல்லோருக்கும் அந்த மரியாதைதான் கிடைக்கும். அரசுப் பஸ்ஸில் மட்டும் இலவசம் என்றால், இருக்கிற கொஞ்ச அரசுப் பஸ்ஸிலும் கால் வைக்க இடமிருக்காது.

மாதச் சீட்டு

வியன்னா 2012இல் வருடாந்தச் சீட்டை 365 யூரோவுக்கு இறக்கியது. நாளுக்கு ஒரு யூரோ. 2026 தொடக்கத்தில் அது 467 யூரோவாக உயரும்வரை பதின்மூன்று ஆண்டுக்கு மேல் அந்த விலை தொடப்படவில்லை. ஊரில் பதிவான கார்களைவிட வருடாந்தச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதிகமானார்கள். இதைக் கேட்டால் விலைதான் மந்திரம் செய்தது என்று தோன்றும். ஆனால் வியன்னாவில் அதற்கு முன்பே சில நிமிடங்களுக்கு ஒரு நிலத்தடி ரயிலும் ட்ராமும் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல பொருளை மலிவாக விற்றார்கள், வாங்கினார்கள்.

பொருள் சரியில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜேர்மனி. 2022 கோடையில் மூன்று மாதத்துக்கு மாதம் 9 யூரோவில் உள்ளூர், பிராந்திய ரயில், பஸ் எல்லாம். ஐந்து கோடிக்கு மேல் சீட்டு விற்றது. 2023 மே மாதம் அதையே 49 யூரோவுக்கு நிரந்தரமாக்கினார்கள். 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறிவிட்டது. சீட்டு வாங்கியவர்களுக்கு நல்ல இலாபம். ஆனால் ரயில் பாதைகள் பல ஆண்டு கவனிப்பில்லாமல் கிடந்ததால் நேரம் தவறுவது நிற்கவில்லை. அந்தச் சீட்டு செல்லாத தூர ரயில்களை எடுத்தாலும், 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிடம் வரை பிந்தினால் பிந்தியதாகவே எண்ணாத கணக்கு. சுவிஸில் மூன்று நிமிடம் பிந்தினாலே பிந்தியதுதான். அந்தக் கடுமையான அளவுகோலிலும் அதே ஆண்டில் 93 சதவீதம் நேரத்துக்கு வந்தன.

மட்டக்களப்பில் மாதச் சீட்டு என்று வந்தால் முதல் கேள்வி: யாருடைய பஸ்ஸில் செல்லும்? இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சீசன் டிக்கட்டைத் தனியார் ஏற்பதில்லை. ஒரே வீதியில் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு பஸ்களில் ஒன்றில் மட்டும் செல்லும் சீட்டை யார் முன்காசு கொடுத்து வாங்குவார்? இரண்டிலும் செல்ல வேண்டுமென்றால் வசூல் ஓரிடத்தில் சேர்ந்து பிரிய வேண்டும். ஆக, மாதச் சீட்டைப் பற்றிப் பேச வந்தவரும் பஸ்காரருக்குக் காசு போகும் வழியில்தான் வந்து முட்டுகிறார்.

கிலோமீற்றர் கணக்கு

ஒரே நாட்டில் இரண்டு முறைகளை நாற்பது ஆண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்த இடம் இங்கிலாந்து. 1980களில் தட்சர் ஆட்சியில் பஸ் சேவையைத் தனியாரிடம் விட்டார்கள். ஆனால் லண்டனில் ஒரு விதமாக, மற்ற ஊர்களில் வேறு விதமாக. 1986 ஒக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே யாரும் எந்த வீதியிலும் பஸ் விடலாம். கட்டணம் அவர்கள் வைத்ததுதான், வசூல் அவர்களுடையதுதான். நடந்தது நமக்குத் தெரிந்த கதை. மான்செஸ்டரில் சனம் நிறைந்த வில்ம்ஸ்லோ வீதியில் கம்பனிகள் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக விட்டு ஒருவரை ஒருவர் முந்தினார்கள். வருமானம் குறைந்த பக்கங்களில் சேவை தேய்ந்தது.

லண்டனில் பஸ்ஸை ஓட்டுவது மட்டும் தனியார். எந்த வீதி, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, முதல் பஸ் எப்போது, கடைசி எப்போது, கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது நகரப் போக்குவரத்து அமைப்பு. ஒவ்வொரு பாதைக்கும் கேள்வி மனு கோருவார்கள். எடுத்த கம்பனிக்கு அந்தச் சேவையை ஓட்டுவதற்கான தொகை. டிக்கட் காசு கம்பனிக்குப் போவதில்லை. பயணி தரிப்பிடத்தில் அட்டவணைக்கு மேலதிகமாக எவ்வளவு காத்து நின்றார் என்று அளந்து, குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் வெட்டு. இப்படியானால் முன்னால் போகிற பஸ்ஸை முந்துவதில் சாரதிக்கு ஒரு சதமும் இலாபமில்லை. முந்தினால் நட்டம்.

பல ஆண்டு போனபின் பார்த்தால், லண்டனில் பஸ் பயணிகள் பெருகியிருந்தார்கள். மற்றப் பெருநகரங்களில் பாதி காணாமல் போயிருந்தார்கள். கடைசியில் மான்செஸ்டர் 2023 செப்டெம்பரில் லண்டன் வழிக்குத் திரும்பத் தொடங்கி, 2025 ஜனவரியில் தன் பஸ்கள் முழுவதையும் அதன் கீழ் கொண்டுவந்தது.

சிங்கப்பூரும் 2016 செப்டெம்பரில் அதே பக்கம் வந்தது. அங்கே பஸ்ஸும் டிப்போவும்கூட அரசுடையவை. கம்பனிக்கு ஓட்டுவதற்கான கூலி. 2024 டிசம்பரில் அட்டைக் கட்டணம் குறைந்த தூரத்துக்கு 1.19 டொலர். இதற்குப் பின்னால் பஸ்ஸுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் அரசு மானியம் போகிறது, காரைப் பதிவுசெய்யும் உரிமைப் பத்திரமே ஒரு இலட்சம் டொலரைத் தொடுகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு "சிங்கப்பூர் மாதிரி" என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்த முறை நம் வீதியிலேயே தினமும் ஓடுகிறது. விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற கார்மென்ட்ஸ் பஸ்ஸைப் பாருங்கள். அதற்கும் உரிமையாளர் தனியார்தான். ஆனால் தொழிற்சாலை அவருக்குப் பேசிய தொகையைக் கொடுக்கிறது. பஸ் சொன்ன நேரத்துக்குச் சந்தியில் நிற்கும், ஏற்ற வேண்டியவர்களை ஏற்றும், போகும். யாரையும் முந்தாது, யாருக்காகவும் இழுத்தடிக்காது. அதே சாரதியை மறுநாள் கல்முனை லைனில் வசூலுக்கு விட்டால் அவரும் மற்றவர்களைப் போலத்தான் ஓட்டுவார். இங்கே பெரும்பாலும் சாரதி, நடத்துனர் கூலி அன்றைய வசூலிலிருந்து பிரிகிறது. உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, டீசல் அடித்து, மிஞ்சியதுதான் வீட்டுக்கு. தரிப்பிடத்தில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் அவருக்கு அரிசி, பருப்பு. டைம் கீப்பர் கத்தினாலும் பொலிஸ் தண்டம் எழுதினாலும் அந்தக் கணக்கு மாறாது. சாரதிகளின் குணத்தைத் திட்டி எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அரசாங்கத்துக்கும் இது தெரியாத வித்தை அல்ல. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'சிசு செரிய', வருமானமில்லாத கிராமப் பாதைகளுக்கு 'கெமி செரிய', அதிகாலைக்கும் இரவுக்கும் 'நிசி செரிய' என்று வைத்திருக்கிறது. மூன்றிலும் பஸ்காரருக்கு வசூல் போதாத இடத்தில் அரசு காசு கொடுத்து ஓட வைக்கிறது. அதாவது லண்டன் முறையின் சின்ன வடிவம் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை ஒரு முழு வீதிக்கு விரிக்கவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்து

சுவிஸ்காரரிடம் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு, அதற்குக் காசு அதிகம் வேண்டாம். 1982 மே 23இல் அவர்கள் ரயில் அட்டவணையை ஒரே தாளத்துக்கு மாற்றினார்கள். 7.05க்கு வந்த ரயில் 8.05க்கும் வரும், 9.05க்கும் வரும். அட்டவணையைப் பார்க்கத் தேவையில்லை, மனத்தில் நிற்கும். பிறகு சந்திகளில் ரயில்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி வைத்து, அங்கே மஞ்சள் நிற போஸ்ட் பஸ் காத்து நிற்கும்படி கோர்த்தார்கள். வருடம் முழுவதும் குறைந்தது 100 பேர் வசிக்கிற ஊருக்கும் பொதுப் போக்குவரத்துக்கு உரிமை உண்டு. நட்டத்தை மத்திய அரசும் கன்டோன் (மாநில) அரசும் பகிர்கின்றன.

இதைப் படிக்கும்போது எனக்கு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைதான் ஞாபகம் வருகிறது. எழுவான்கரையில் பஸ் ஒழுங்கில்லை என்று குறைப்படுகிறோம்; வாவிக்கு அப்பால் பல ஊர்களில் குறைப்படுவதற்குப் பஸ்ஸே இல்லாத நேரங்கள்தான் அதிகம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. அதற்கு முன்பே பட்டிருப்புப் பாலமும் வலையிறவும் இருந்தன; குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடுகிறது. கடக்கும் இடங்கள் உண்டு, கோர்வை இல்லை. மட்டக்களப்பிலிருந்து வருகிற பஸ் களுவாஞ்சிகுடியில் நிற்கும்போது வெல்லாவெளிப் பஸ் ஐந்து நிமிடத்துக்கு முன்தான் போயிருக்கும். அடுத்தது எப்போது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். அங்கே புதிதாக ஒரு பஸ்கூட வாங்காமல் செய்யக்கூடிய திருத்தம் இது. ஆனால் வசூலுக்கு ஓடுகிற இரண்டு பஸ்காரரை ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்ல முடியாது. காத்திருக்கிற நிமிடத்தில் பின்னால் வருகிறவர் ஆட்களை அள்ளிவிடுவார்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்போடு நிற்கிற பாதையைக் கல்முனை, பொத்துவில் வரை நீட்டுவது நல்ல கனவு. தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பிக்கப்படுகிற கனவும்கூட. கொழும்புப் பயணத்துக்கு அது உதவும். காத்தான்குடியிலிருந்து கல்லாற்றுக்குப் போகிறவருக்கு உதவாது. பெரிய கட்டுமானம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நினைக்கிறவர்கள், நம் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவைக் கேட்கலாம். 1985இல் திறந்த அங்கத்தைய ரயில் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அன்றிலிருந்து அந்தச் சனத்தை ஏற்றி இறக்குவது பஸ்.

அப்படியானால்

மட்டக்களப்பு – அக்கரைப்பற்று வீதிக்கு நான் தேர்வது கிலோமீற்றர் கணக்கும் சுவிஸ் மணிக்கூடும் சேர்ந்த முறை. எல்லாத் தனியார் பஸ்களின் வசூலும், அந்த வீதியில் ஓடுகிற இ.போ.ச. பஸ்களின் வசூலும் ஒரு பொதுக் கணக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஓடிய கிலோமீற்றருக்கும் நேரம் தவறாமைக்கும் காசு பிரிய வேண்டும். சாரதிக்கும் நடத்துனருக்கும் நாட்கூலி நிச்சயமாக வேண்டும்.

எத்தனை பஸ் வேண்டும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு. போய் வர, நின்று இளைப்பாற ஐந்து மணித்தியாலம் என்று தாராளமாக வைத்தாலும், கால் மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் ஓட்ட 20 பஸ் போதும். பழுதுக்கு மூன்று நான்கு கூட வைத்துக்கொள்ளலாம். காலையில் காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் கூட்டம் கூடும்போது இன்னும் சில. பஸ் பற்றாக்குறை இந்த வீதியின் நோய் இல்லை; ஒன்றாகச் சேர்ந்து வந்து ஒன்றாகக் காணாமல் போவதுதான் நோய்.

இடைஞ்சல்கள் உண்டு. இ.போ.ச. கொழும்பின் கீழ், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதி கொடுப்பது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. இரண்டு எசமான்கள். 2025 ஓகஸ்டில் இரு தரப்புக்கும் ஒரே அட்டவணை என்ற யோசனைக்கே இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது: அட்டவணையை மட்டும் இணைத்து வசூலைப் பிரித்தே வைத்தால், நல்ல நேரம் யாருக்கு என்ற சண்டை முடியாது. வசூலை இணைத்தால் அந்தச் சண்டைக்கே பொருளில்லை. தனியார் உரிமையாளர்களில் நல்ல வசூல் பார்க்கிறவர்கள் இதை விரும்ப மாட்டார்கள். நட்டத்தில் லீசிங் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் வருவார்கள் என்று நினைக்கிறேன். டிக்கட் கொடுக்காமல் காசை வாங்கிப் பொக்கற்றில் போடுவது இன்னொரு ஓட்டை. நடத்துனருக்கு நிச்சயச் சம்பளம் வந்தால் அந்த ஆசை கூடலாம். டிக்கட் இயந்திரமும் பரிசோதகரும் இல்லாமல் இந்த முறை ஒரு மாதம் தாங்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இரவிலிருந்து தொடங்கலாம். நிசி செரிய வழியில் மாலை 7 மணிக்குப் பிறகு 10 மணி வரை, இரு பக்கமிருந்தும் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. போதனா வைத்தியசாலையில் மாலை வேலை முடிகிறவர்கள், நோயாளியைப் பார்த்துத் திரும்புகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், கடை பூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்று மணித்தியாலத்துக்காகத்தான் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். காலையில் பஸ்ஸில் போனால் இரவில் திரும்ப வழியில்லை என்றால் காலையிலும் பஸ்ஸில் போக மாட்டார்கள். 2025இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாய்க்கு அங்குமிங்கும் நின்றது. ஒரு லீற்றரில் கல்முனை போய்விடலாம், திரும்ப இன்னொன்று, அதற்கு மேல் லீசிங் தவணை. இவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறவர் பஸ் காசுக்குப் பின்வாங்குகிறவர் அல்ல.

படுவான்கரைக்கு வேறு பதில். அங்கே வசூலைப் பொதுவில் சேர்க்க வசூலே இல்லை. சுவிஸ் மாதிரி நட்டத்தை ஏற்றுக்கொண்டு, கெமி செரிய வழியில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவுப் பஸ்களை கடற்கரை வீதிப் பஸ்ஸின் நேரத்தோடு கோர்ப்பதுதான் வழி. நவகிரி, கிட்டங்கிப் பக்கம் மாரி வெள்ளம் வந்தால் எந்த அட்டவணையும் நிற்காது. அந்த மாதங்களுக்குத் தனி அட்டவணை வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கும் அப்படித்தான். மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் விசேட பஸ் விடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

பெண்களுக்கோ முதியவர்களுக்கோ இலவசம் என்பதை அதன்பிறகு பேசலாம். சாரதியின் கூலி வசூலிலிருந்து பிரிந்தபின், காசில்லாப் பயணிக்கும் பஸ் நிற்கும்.

ஒன்றில் மட்டும் லண்டனைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் 2005இல் வழக்கமான பாதைகளிலிருந்து கடைசி நடத்துனர்களையும் எடுத்துவிட்டார்கள். நம் பஸ்ஸில் அரிசி மூட்டையை ஏற்றி இறக்குவதும், அம்மம்மாவைக் கைபிடித்து இறக்குவதும், "தம்பி, பெரியாஸ்பத்திரி வந்தாச் சொல்லு" என்று கண்ணை மூடுகிறவரை எழுப்புவதும் நடத்துனர்தான். அட்டை இயந்திரம் வந்தாலும் அவர் வேலை இருக்கிறது.